எண்பத்தாறு படிகளும் என் சிரிப்பும்

தம்பி,

சுகமா என்று கேட்டு இதைத் தொடங்க எனக்கு மனமில்லை. உன் சுகம் எனக்குத் தெரியும். முந்தாநாள் தொலைபேசியில் நான் பேசி முடிக்குமுன்பே "பேந்து எடுக்கிறன் அம்மா" என்று வைத்தாயே, அந்தக் குரலில் ஒரு குறையும் இருக்கவில்லை. என் சுகத்தைத்தான் சொல்ல வேண்டும். நான் கோபமாக இருக்கிறேன். இரண்டு நாட்களாகத் தையல் கடையில் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன். யாரோ ஒரு பிள்ளையின் சாறிச் சட்டைக்கு வலது கையை இடது பக்கத்தில் பொருத்திவிட்டு, முதலாளி சொன்ன பிறகுதான் கண்டேன். அந்தத் தீவுப் பயணத்தைப் பற்றி நான் குறை சொன்னதற்கு நீ ஒரு கேள்வி கேட்டாய். "நீங்கள் சிரிச்சுக்கொண்டுதானே வந்தனீங்கள்?" என்று கேட்டாய். ஓம், சிரித்துக்கொண்டுதான் வந்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை, லா சப்பல் தமிழ்க் கடைகளில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. நீ என் முகத்தை என்னைக் கேளாமல் உலகத்துக்குக் காட்டினாய். நான் என் கடிதத்தை உன்னிடம் சொல்லிவிட்டுக் காட்டுகிறேன். எங்கள் சனத்தில் எத்தனையோ வீடுகளில் என்னைப்போல் தூக்கப்படுகிற ஒருவர் இருக்கிறார். அவர்களின் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

சித்திரையில் நீ, பிரவீணா, அவளின் தம்பி, அப்பா, நான் என்று ஐந்து பேரும் அந்தத் தீவுக்குப் போய் வந்தது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் சக்கர நாற்காலியின் உயரத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. நீ வேலை செய்யும் பயண நிறுவனம் ஆட்களை விமானத்தில் ஏற்றுவதில்லை. பாரிசிலிருந்து ரயில், மார்செய்யிலிருந்து கப்பல், தீவில் நடை. காற்றைக் கெடுக்காத பயணம், ஊரைக் குழப்பாத பயணம், எல்லோருக்குமான பயணம் என்று மூன்றையும் நீ விரல்விட்டுச் சொல்வாய். எனக்கு அதில் பெருமைதான். கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என் மகன் பெரிய ஹோட்டலுக்கு ஆள் பிடிக்கிறவன் இல்லை, கடலுக்கும் மண்ணுக்கும் நோகாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்று. ஆகவே உன் கலியாணத்தை அந்தத் தீவின் உச்சியில், பழைய கோட்டை முற்றத்தில் வைக்கப் போகிறோம், முதலில் ஒருமுறை எல்லோரும் போய்ப் பார்ப்போம் என்று நீயும் பிரவீணாவும் சொன்னபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. கோட்டைக்குப் போக வழி எப்படி என்று மட்டும் கேட்டேன். நீ சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "கொஞ்சம் படியள் இருக்குது அம்மா. நாங்கள் நாலு பேர் இருக்கிறம்தானே."

போன வழியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கார் து லியோன் நிலையத்தில் ரயிலுக்குச் சரிவுப் பலகை வைத்தார்கள், ஏறினேன். கப்பலில் மின்தூக்கி இருந்தது, கதவுகள் அகலம், கழிப்பறைக்குள் நாற்காலி திரும்பியது. நீங்கள் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் தனியாக மேல்தளத்துக்குப் போனேன். ஒருவரும் என்னைக் கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை, நானே போனேன். 2009க்குப் பிறகு நான் கடலையே பார்க்கவில்லை என்பது உனக்கு மறந்திருக்காது. அந்த வருடத் தொடக்கத்தில் வன்னியில் என் முதுகில் ஷெல் துண்டு பட்ட அன்று, உனக்குப் பதின்மூன்று வயது. அப்பா அதற்கு முன்பே பாரிசுக்கு வந்துவிட்டார். நீயும் உன் மாமாவும் என்னை ஒரு சாரத்தில் கிடத்தி, நுனிகளைப் பிடித்துக் கடற்கரை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அங்கே காயப்பட்டவர்களை ஏற்றும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தபோது பார்த்த கடல்தான் கடைசி. அன்று நீ தூக்காவிட்டால் இன்று உனக்குத் தாய் இல்லை. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை, இன்றும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உயிருக்குத் தூக்குவது வேறு, கலியாண மண்டபத்துக்குத் தூக்குவது வேறு. இந்த வித்தியாசத்தை உனக்குச் சொல்லித் தராமல் விட்டது என் பிழை.

கப்பல் துறையில் இறங்கி ஒரு கோப்பி குடித்தோம். தரை சமமாக இருந்தது. மீன் ஏலம் விடும் கூடம், அதற்கு முன்னால் ஒரு பெரிய முற்றம், மரங்கள், வாங்குகள். நான் அங்கேயே சுற்றிச் சுற்றிப் போய்வந்தேன். பிறகு நீங்கள் படிக்கட்டின் அடியில் கூடி நின்று, யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று கதைத்தீர்கள். பிரவீணாவின் தம்பி சட்டைக் கையை மடித்தான். கோட்டை உணவகத்தின் பரிசாரகர் ஒருவர் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். அப்பா தன் முழங்காலை மறந்து, "இவளென்ன, பூ மாதிரி. நாலு பேர் பிடிச்சால் போச்சு" என்றார். வேறு வழி இருக்கிறதா என்று நீங்கள் அந்த ஊர் ஆள் ஒருவரிடமாவது கேட்டீர்களா? இல்லை. கை அதிகமாக இருந்தால் எங்கள் ஆட்கள் வழி கேட்பதில்லை. வன்னியில் பழகிய பழக்கம், இங்கே வந்தும் போகவில்லை. தேருக்கும் தூக்குவோம், கலியாணத்துக்கும் தூக்குவோம், ஐந்தாம் மாடியில் பிறந்தநாள் என்றாலும் தூக்குவோம். தூக்க ஆள் இருந்தால் வசதி இருக்கிறது என்று நினைக்கிற சனம் நாங்கள்.

எண்பத்தாறு படி. நான் எண்ணினேன். எண்ணாமல் வேறு எதைச் செய்வது? நாற்பத்திரண்டாவது படியில் அப்பாவின் முழங்கால் மடங்கியது. நாற்காலி அவர் பக்கம் சரிந்தது, நான் சுவரைப் பிடித்தேன், உள்ளங்கை உரஞ்சியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி எல்லோரும் சிரித்தீர்கள். என்னை அந்தத் திருப்பத்தில் சுவரைப் பார்க்க இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினீர்கள். ஏறுகிற உல்லாசப் பயணிகள் என் நாற்காலியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், இன்னொருவர் உன் தோளில் தட்டி நல்ல மகன் என்றார். பிரவீணாதான் குனிந்து, "மாமி, உங்களுக்கு ஓகேயா?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, நல்லாயிருக்கு" என்றேன். பொய். அப்போதுதான் நீ பரிசாரகரிடம் தொலைபேசியைக் கொடுத்து, "அம்மா, சிரியுங்கோ" என்றாய். சிரித்தேன்.

மேலே அழகுதான். கடல் மூன்று பக்கமும் தெரிந்தது. நீ பிரவீணாவுக்கு மணவறை எங்கே, மேளகாரர் எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தாய். கழிப்பறை எங்கே என்று நான் பரிசாரகரைக் கேட்டேன். இன்னும் பதினொரு படி கீழே, குகை மாதிரி ஓர் அறைக்குள் என்றார். படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு போட்டால் என்ன என்று கேட்டேன். இது பழைய கல், தொட விடமாட்டார்கள் என்றார். கல்லுக்கு நோகும் என்று கவலைப்பட ஆட்கள் இருக்கிறார்கள், நல்லது. முற்றத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. தீவில் தண்ணீர் குறைவு, ஒவ்வொரு துளியையும் மிச்சம் பிடியுங்கள் என்று பிரெஞ்சிலும் இன்னும் இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. கோப்பிக்குப் பிறகு மாலை வரைக்கும் நான் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. நீ போத்தலை நீட்டியபோது தாகமில்லை என்றேன். குடித்தால் என்னை மறுபடியும் நாலு பேர் தூக்கி அந்தக் குகைக்குள் இறக்க வேண்டும், பிரவீணாவின் தம்பி வாசலில் நிற்க வேண்டும். அந்தத் தீவில் அன்று என்னைவிடத் தண்ணீர் மிச்சம் பிடித்தவர் யாரும் இல்லை. இதைத்தான் நீங்கள் நிலைத்திருக்கும் பயணம் என்று எழுதுகிறீர்களா? ஆமைக்கு முட்டையிட இடம் விடுகிறீர்கள், கல்லுக்குக் காவல் வைக்கிறீர்கள், காற்றுக்காக விமானத்தை விட்டீர்கள். ஒரு மனுசி மூத்திரம் பெய்ய எங்கே போவாள் என்று உங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

இவ்வளவையும் நான் விழுங்கியிருப்பேன். எத்தனையோ வருடமாக விழுங்கித்தான் பழக்கம். ஆனால் போன வாரம் பிரவீணா ஆசையாக ஒரு இணைப்பை அனுப்பினாள். "மாமி, உங்கட படம் வந்திருக்குது, எவ்வளவு வடிவு பாருங்கோ" என்றாள். உன் நிறுவனத்தின் பக்கத்தில், அந்தத் திருப்பத்தில் எடுத்த படம். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், நீங்கள் நாலு பேரும் நாற்காலியைப் பிடித்தபடி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். கோட்டை எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் தயங்க வேண்டாம், என் அம்மாவே வந்தார் என்று நீ எழுதியிருந்தாய். கீழே ஒரு பெண் கேட்டிருந்தாள்: நான் நாற்காலியில் தனியாகப் பயணம் செய்கிறவள், மேலே போக ஒருவரின் உதவி தேவைப்படுமா? அதற்கு உங்கள் பதில், எங்கள் குழுவினர் அன்போடு உதவுவார்கள் என்பது. அவள் தேவைப்படுமா இல்லையா என்றுதானே கேட்டாள். ஓம் தேவைப்படும், எண்பத்தாறு படி, கழிப்பறைக்கு இன்னும் பதினொன்று என்று எழுதியிருந்தால் அவள் வருவதா இல்லையா என்று தானே முடிவெடுப்பாள். அவளிடமிருந்து அந்த முடிவைப் பறித்துவிட்டு, பதிலுக்கு அன்பைக் கொடுக்கிறாய். அதற்குச் சாட்சி என் சிரிப்பு. ஊருக்குத்தான் உபதேசம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதைப் பெற்ற மகனிடமே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கோபத்தில் உன்னை மட்டும் திட்டினால் அது நியாயமில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நான் சிரித்த பிள்ளை. நாங்கள் பாரிசுக்கு வந்த முதல் வருடம், நானும் அப்பாவும் அவரின் சிநேகிதர் மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போனோம். மண்டபம் நிலத்துக்குக் கீழே. முகம் தெரியாத பொடியன்கள் என்னைத் தூக்கி இறக்கினார்கள். ஐந்து மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எப்படிச் சடங்கு என்று கேட்டாய், நல்லா நடந்தது என்றேன். ஒவ்வொருமுறை தூக்கும்போதும் நான் ஒரு சிரிப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. முகத்தை நீட்டினால் அடுத்தமுறை தூக்க மாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நீ சந்தோசம் என்று நினைத்தாய். நினைக்காமல் என்ன செய்வாய்?

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. திரான்சியில் நாங்கள் முதலில் இருந்த வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. நீ லிசேப் பள்ளியில் படிக்கும்போது உன் வகுப்பு ரோமுக்குப் போனது. ஆறு மாதமாக அந்தப் பயணத்தைப் பற்றியே கதைத்தாய். பழைய சந்தை, பழைய பாலம், எல்லாவற்றின் படத்தையும் உன் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தாய். அதே வாரம் எனக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வரச் சொல்லியிருந்தது. அப்பாவுக்கு உணவக வேலையில் விடுப்பு இல்லை. நீ ஆசிரியருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நின்றாய். என்னை முதுகில் சுமந்து மூன்று மாடியும் இறக்கினாய், ஏற்றினாய். நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து ஆள் அனுப்பச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு வசதி இருந்தது என்று எனக்குத் தெரியும், சமூக உதவியாளர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. மகன் இருக்க ஏன் பிறத்தியாரைக் கேட்க வேணும் என்று பெருமை. உன் வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்து படம் காட்டியபோது நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். நான் சமையலறையில் இருந்து அதைக் கேட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன். தாய் என்றால் நல்ல மகன் சுமக்க வேண்டிய சுமை என்று உனக்குப் பழக்கியது நான்தான்.

இப்போது நான் எப்படி வேலைக்குப் போகிறேன் என்று நீ எப்போதாவது கவனித்திருக்கிறாயா? பஸ்ஸில் போகிறேன். சாரதி ஒரு பொத்தானை அமத்துகிறார், கீழே இருந்து பலகை நீள்கிறது, ஏறுகிறேன். சில நாள் அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. நான் நன்றியும் சொல்வதில்லை, சிரிப்பதும் இல்லை. தலையிடி என்றால் தலையிடியோடு முகத்தை நீட்டிக்கொண்டு ஏறுகிறேன். லா சப்பலில் இறங்கினால் கடை வாசலில் ஒரு படி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் முதலாளியிடம், "அண்ணை, ஒரு பலகை போட்டால் நானே வருவன்" என்றேன். "அட, தூக்கிவிட நாங்கள் இருக்கிறமே தங்கச்சி" என்றார். "வேண்டாம் அண்ணை, பலகை காணும்" என்றேன். அடுத்த நாள் ஒரு பழைய கதவை அறுத்துப் போட்டார். இப்போது பிள்ளை வண்டில் தள்ளுகிற தாய்மாரும், துணி மூட்டை கொண்டுவருகிற பொடியனும் அதால்தான் வருகிறார்கள். பிரவீணாவோடு உனக்கு நகரசபையில் கலியாண எழுத்து நடந்த அன்றும் நான் சரிவுப் பாதையால் உங்களுக்கு முன்னே போய் இருந்தேன். அன்றைய படங்களை எடுத்துப் பார். ஒன்றிலும் நான் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருக்கிறேன். அதுதான் என் சந்தோசம், தம்பி.

முந்தாநாள் நீ தொலைபேசியை வைத்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. தீவின் துறைமுக அலுவலகத்துக்கு அடித்து, அங்கே இருந்த ஒரு அம்மாவோடு பேசினேன். என் பிரெஞ்சைக் கேட்டு நீ சிரிப்பாய், ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. மேலே கோட்டைக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றா. அப்படியென்றால் ஊர் ஆட்கள் எங்கே கலியாணம் வைப்பார்கள் என்று கேட்டேன். "கீழேதான், மீன் கூடத்துக்கு முன்னால் உள்ள முற்றத்தில். எங்கள் கிழடுகளால் மேலே ஏற முடியாதே. மேலே வெளியூர் ஆட்கள்தான் வைக்கிறார்கள்" என்றா. நாங்கள் கோப்பி குடித்த அதே முற்றம். காலையில் மீன் ஏலம் முடிந்ததும் கழுவி விடுவார்களாம். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமாம், தானே போய் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னா. உங்களுடைய முகூர்த்த நாளில் அது காலியாக இருக்கிறதாம். ஊரைக் குழப்பாத பயணம் என்று படிப்பிக்கிற நீ, அந்த ஊர்ச் சனம் எங்கே கலியாணம் செய்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. மீன் மணக்கும் என்று உன் மாமியார் ஸ்தேன் வீட்டில் இருந்தே மூக்கைப் பொத்துவா. பொத்தட்டும், சாம்பிராணி எதற்கு இருக்கிறது?

இரண்டு விஷயம் செய். முதலாவது, அந்தப் படத்தை இன்றைக்கே உன் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து எடு. எடுத்துவிட்டு, கேட்ட அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுது, படிகளின் எண்ணிக்கையோடு. இதில் பேச்சுக்கு இடமில்லை, அது என் முகம். இரண்டாவது, கலியாணம் எங்கே என்பதை நீயும் பிரவீணாவும் கதைத்து முடிவெடுங்கள். அது உங்கள் கலியாணம், நான் கட்டளை போட மாட்டேன். அப்பா முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "நாங்கள் நாலு பேர் தூக்குவம், என்ன பெரிய கதை" என்று இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கும் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிய எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

ஆவணியில் நான் வருகிறேன். ரயிலுக்கும் கப்பலுக்கும் நானே இடம் பதிந்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு முன்பே துறைமுகத்தில் இறங்கி, பட்டுச் சேலையின் மடிப்புக் கலையாமல் அந்த முற்றத்தில் இருப்பேன். நீங்கள் மேலே மணவறை போட்டால் மேளச் சத்தம் கீழே கேட்கும், கெட்டிமேளம் கேட்கிற நேரம் அட்சதையைக் காற்றில் போடுவேன். கோபிக்க மாட்டேன். தண்ணீரும் வேண்டிய அளவு குடிப்பேன். ஆனால் என்னைத் தூக்க ஒருவரையும் அனுப்பாதே. தாலி கட்டிய கையோடு தாய் தகப்பன் காலில் விழ வேண்டும், தாயின் கை தலையில் பட வேண்டும் என்பது எங்கள் முறை. என் கை உங்கள் இரண்டு பேரின் தலையிலும் பட வேண்டுமென்றால், நீங்கள்தான் இறங்கி வர வேண்டும்.

அம்மா